ஓடிப்போன எக்ஸ் அச்சு

ஓடிப்போவது என்றால் எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு பையன், ஹௌராவில் ஒரு ரயில். அதனால், "கிடர்பூர்ல ஒரு எக்ஸ் ஆக்சிஸ் ஓடிப்போச்சாம்மா, பாத்துட்டு வரேன்" என்று நான் சொன்ன காலையில், தோசைக்கல்லின் முன் நின்ற அம்மா திரும்பாமலே கேட்டாள்: "யாரோட?"

தனியாகத்தான் என்றேன். அம்மா நம்பிய மாதிரி தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. துர்கா பூஜை போய், லக்ஷ்மி பூஜையும் போய், காளி பூஜைக்கான மூங்கில் கழிகள் தெருமுனையில் வந்து இறங்கும் இடைப்பட்ட நாட்கள். அந்த இடைவெளியில் கல்கத்தாவில் எதற்கும் முழு மனம் இருக்காது. போன பண்டிகையின் களைப்பும் வரப்போகும் பண்டிகையின் பரபரப்பும் சேர்ந்து, ஊரே ஒரு கொட்டாவிக்கும் ஒரு தும்மலுக்கும் நடுவில் நிற்கும். லேக் கார்டன்ஸிலிருந்து பஸ் பிடித்தேன். மடியில் கருவிப் பை. பையில் மீட்டர், டார்ச், திருப்புளிகள், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, அம்மா கட்டிக்கொடுத்த தோசை. கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "உள்ளே என்ன தீதி, வெடியா?" என்றார். "காளி பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே" என்றேன். அதுவும் சரிதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு டிக்கெட் கிழித்தார்.

நான் அப்போது, கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறிய கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். மில்லிங் மெஷினைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஒரு கனத்த இரும்பு மேசை. செதுக்க வேண்டிய துண்டை அதன் மேல் இறுகக் கட்டிவிடுவார்கள். மேலே கட்டர் சுழலும். மேசை இடம் வலமாகப் போவது எக்ஸ், முன்னும் பின்னும் போவது ஒய், கட்டர் ஏறி இறங்குவது இசட். கம்ப்யூட்டர் இம்மி இம்மியாகச் சொல்ல, மேசை இம்மி இம்மியாக நகரும். அவ்வளவுதான் அதன் உலகம். நாளைக்கு எந்த ஊரில் எந்த வேலையில் இருப்பேன் என்று எனக்கே தெரியாத வயது அது. தான் இருக்கும் இடத்தை மூன்று எண்களில் சொல்லிவிடும் ஒரு ஜென்மத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு. அப்பேர்ப்பட்டது சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிறது என்றால், போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது?

கப்பல் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் அது. வாசலில் லாரிகளும் கைவண்டிகளும் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நின்றன. உள்ளே யார்டில், மலைப்பாம்புக் குடும்பம் மாதிரி நங்கூரச் சங்கிலிகள் குவிந்து கிடந்தன. இரண்டு பேர் அவற்றின் மேல் உட்கார்ந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கர், கர், கர். பல் கூசும் அந்தச் சத்தத்துக்கு நடுவே மேனேஜர் வந்தார்.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் குடியிருந்தார். அந்த நவராத்திரிக்கு, ஆயுத பூஜை அன்று, அவர் வீட்டுக் கொலுவுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி சுண்டலோடு புளிச்சாதம் வைத்துவிட்டு வருத்தப்பட்டார். "எலுமிச்சஞ்சாதம்தான் செய்யணும்னு இருந்தேன். வாங்கி வச்ச பழத்தக் காணல. வீட்டுல யாரு எலுமிச்சம்பழத்தக் களவாங்குவா, சொல்லுங்க." அம்மா அந்தப் புதிரை வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். நான் மறந்துவிட்டேன்.

"ஏம்மா, நீதான் வந்திருக்கியா? ஆம்பளையாள் யாரும் இல்லையா?" என்றார் மேனேஜர்.

"இருக்காங்க சார். அவங்கள நல்லா ஓடுற மெஷினப் பாக்க அனுப்பியிருக்காங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கிடர்பூரில் அவ்வளவு வெள்ளையாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. கோளாறு எல்லாம் அந்த ஆபரேட்டர்கிட்ட. தப்பான பட்டன அமுக்குதான், மேச ஓடுது. நீ பாத்துட்டு அத உன் வாயால சொல்லிட்டாப் போதும். திங்கக்கிழமையிலேர்ந்து அவன் யார்டுல சங்கிலித் துரு சுரண்டுவான்."

அந்த ஆபரேட்டர் மெஷினுக்குப் பக்கத்தில், நோயாளியின் உறவினர் மாதிரி நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எண்ணெய் தடவி வாரிய தலை, பேசாத நேரத்திலும் பேசத் தயாராக இருக்கும் உதடுகள். அவரை நான் தாதா என்றேன். வங்காளத்தில் அண்ணன். என்னைவிட மூத்தவரானாலும் என்னை அவர் தீதி, அதாவது அக்கா, என்றார். இந்த ஊர் வழக்கம் அப்படி, எல்லோருக்கும் எல்லோரும் மூத்தவர்கள். நாங்கள் பேசியது வங்காளத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"தீதி, பாடாவுல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? கம்ப்யூட்டர்-தா. நான் வந்தா கேரம் போர்டுல இடம் விடுவாங்க. யார் வீட்டு டிவி கெட்டாலும் என்கிட்டதான் கேப்பாங்க. எனக்கு டிவி பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா கேப்பாங்க." பாடா என்றால் அவர் குடியிருக்கும் வட்டாரம்; தா, தாதாவின் சுருக்கம். "பதினஞ்சு வருஷம் கையால சுத்துற லேத்துல இருந்துட்டு இங்க வந்தேன். இப்ப சங்கிலிக்குப் போனா, சாயங்காலம் எந்த மூஞ்சியோட கிளப்புக்குப் போவேன்? சங்கிலி-தா அப்படின்னு கூப்பிடுவாங்க. நம்ம பசங்கள உங்களுக்குத் தெரியாது. சாகுற வரைக்கும் கூப்பிடுவாங்க."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் கண்ட்ரோல் பேனலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"என்ன ஆச்சு, தாதா? முதல்லேர்ந்து சொல்லுங்க."

"பூஜை லீவு முடிஞ்சு வந்தப்போ நல்லாத்தான் இருந்தது. கொஞ்ச நாள் போனதும் ஒரு நாள், பம்பு மூடி ஒண்ணு செதுக்கிட்டு இருந்தேன். திடீர்னு மேசை வலது பக்கமா ஒரே ஓட்டம். சியால்தா ஸ்டேஷன்ல கடைசி லோக்கலப் பிடிக்கிற மாதிரி. கடைசி வரை போய் முட்டி நின்னுது. சிவப்பு விளக்கு. கட்டர் ரெண்டு துண்டு. அப்புறம் ஒரு நாள் சும்மா இருக்கும், ஒரு நாள் ஓடும். நான் ஒரு பட்டனும் தப்பா அமுக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "லீவு முழுக்க அது தனியா இருந்தது, தீதி. அவ்வளவு நாள் பூட்டின எடத்துல தனியா விட்டா யாருக்கும் மனசு ஓடத்தானே செய்யும்."

பொறியியல் கல்லூரியில் இதைவிட மோசமான விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன்.

மேனேஜருக்கு இன்னொரு விளக்கமும் கைவசம் இருந்தது. கண்ட்ரோல் பெட்டியின் கதவில் செந்தூரத்தால் ஒரு ஸ்வஸ்திகம். பக்கத்தில் ஐந்து பொட்டு. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை அன்று ஆபரேட்டர்கள் போட்டது. எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. இங்கே அந்த ஒரு நாள் எந்தப் பட்டறையிலும் வேலை நடக்காது. இயந்திரத்துக்கு மாலை, மனிதர்களுக்கு மொட்டை மாடியில் பட்டம்.

"பாத்தியாம்மா," என்றார் மேனேஜர் தமிழில். "லட்ச லட்சமா கொட்டி வாங்கின சாமான். அதுல போயி எண்ணெயையும் செந்தூரத்தையும் அப்பி வச்சிருக்கானுவ. பக்தி இருக்கலாம். அது மனசுல இருக்கணும். மெஷின் மேல இருக்கப்படாது. நான் என்ன சாமி கும்புடாதவனா? எதுக்கும் ஒரு முறை இருக்குல்லா."

அது எனக்கே நியாயமாகப் பட்டது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே காற்றாடியின் வடிகட்டியில் செந்தூரத் துகள் நிறையவே படிந்திருந்தது. அதைத் தட்டிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு போர்டாகப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பாக அழுத்தி, காலை முழுவதையும் அந்தச் சிவப்புத் தூளுக்குப் பலி கொடுத்தேன். என் மூக்கில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது. மங்களகரமாக இருந்திருக்க வேண்டும், சங்கிலி சுரண்டுகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்கள்.

"இப்ப ஓட்டிப் பாக்கலாம். யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம். தாதா, நீங்க எமர்ஜென்சி பட்டன் மேல கை வச்சுக்கோங்க. சார், கைய எடுங்க."

மேனேஜர் மேசையின் மேலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் இருந்த தன் தேநீர் மண்குவளையை எடுக்கவில்லை. அதை மேசையின் மூலையிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வலது முனைக்கு நேரே நின்றார்.

நான் எக்ஸை ஒரு நூல் நகரச் சொன்னேன்.

நகர்ந்தது என்று எழுத மாட்டேன். அந்த மேசை பாய்ந்தது. குவளை அந்தரத்தில் ஒரு கணம் தனியாக நின்று யோசித்துவிட்டு, மேனேஜரை நோக்கிப் போனது. ஆபரேட்டர் சிவப்புப் பட்டனை அறைந்தார். மேசை முட்டி நின்றது. பட்டறையில் எல்லாச் சத்தமும் அடங்கி, துரு சுரண்டுவதும் நின்று, வெள்ளைச் சட்டையிலிருந்து தேநீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. இஸ்திரி மடிப்பு நெடுக ஹூக்ளி நதி, கிளையாறுகள், ஒரு சின்ன டெல்டா.

"பாத்தியா," என்றார் மேனேஜர், நடுங்காத குரலில். "அவன் பக்கத்துல நின்னாலே ஓடுது."

நான் சட்டையைப் பார்க்கவில்லை. அதாவது பார்த்தேன், ஆனால் அதற்கு முன் திரையைப் பார்த்துவிட்டேன். மேசை ஒரு முழம் ஓடியிருந்தது. திரையில் எக்ஸின் எண்ணோ, தூக்கத்தில் புரண்ட மாதிரி, துளி அசைந்து நின்றிருந்தது.

அங்கேதான் விஷயம் இருந்தது. மோட்டாரின் முதுகில் என்கோடர் என்று ஒரு கண் உட்கார்ந்திருக்கும். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. கம்ப்யூட்டர் போ என்கிறது. மோட்டார் போகிறது. கண், போயாச்சு என்கிறது. கம்ப்யூட்டர் நில் என்கிறது. கண் வாயை மூடிக்கொண்டால்? மேசை இன்னும் கிளம்பவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கும். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ என்னும். பதில் வராது. இன்னும் வேகமாக என்னும். பதில் போடாதவருக்கு மேலும் மேலும் நீளமாகக் கடிதம் எழுதுகிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதே நோய். கம்ப்யூட்டர் கெஞ்சக் கெஞ்ச மேசை எப்போதோ எல்லையைத் தொட்டிருக்கும்.

மோட்டார்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, திரையை மட்டும் எரியவிட்டு, ஒய்யின் திருகுத்தண்டைக் கையால் சுற்றினேன். எண் ஒழுங்காக ஏறியது, இறங்கியது. எக்ஸைச் சுற்றினேன். கொஞ்சம் ஏறியது. நின்றது. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன், அது நின்றுகொண்டே இருந்தது. பிறகு, நினைவு வந்தாற்போல் மறுபடி ஏறியது.

"கண்ணுதான் கெட்டிருக்கு, தாதா. பட்டன் இல்ல."

ஆபரேட்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சட்டையைப் பிழிந்துகொண்டே, "கண்ணக் கெடுத்தவன் யாரு?" என்றார். நல்ல கேள்வி. அதன் பதிலைத் தேடிப் போவதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது.

மேனேஜர் தயிர்ச்சாதத்துக்குத் தன் அறைக்குப் போனார். ஆபரேட்டர் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலடியில் செய்தித்தாளை விரித்து டப்பாவைத் திறந்தார். சோறு, பருப்பு, ஒரு துண்டு ரூயி மீன், காகிதத்தில் மடித்த பாதி எலுமிச்சை. அதைப் பருப்பில் பிழிந்ததும் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்பு வாசனையும் விலகி அந்த மூலையே கொஞ்சம் பசுமையானது. "லேபு இல்லாம எனக்குச் சோறு இறங்காது, தீதி. வெயில்லயும் இறங்காது, மழையிலயும் இறங்காது." என் தோசைக்கும் கொஞ்சம் பிழியட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை கேட்பதற்குள் பிழிந்துவிட்டார்.

இப்போது நியூ டவுனில் உயரமான ஒரு கட்டடத்தில் இருக்கிறேன். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கினால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள், என் கை தானாகச் சிவப்புப் பட்டனைத் தேடுகிறது. பதில் சொல்லாத கண்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்பது ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு நிம்மதி கிடையாது. ஆனால் தோசைக்கு எலுமிச்சை நன்றாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அதை விட்டவள் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வலது முனைக்குப் போனேன். மேசைக்கு அடியில், ஒரு தகர மூடிக்குப் பின்னால், எக்ஸ் மோட்டார். அதன் கண்ணிலிருந்து வரும் கேபிள் ஒரு வட்டக் கனெக்டரில் செருகியிருக்கும். மூடியின் திருகுகளைக் கழற்றினேன். ஆபரேட்டர் டார்ச் பிடித்தார்.

கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. செம்புப் பாத்திரத்தில் புளித்த மோர் ஊற்றி மறந்தால் பூக்குமே, அந்தப் பச்சை. மேலேயிருந்து ஏதோ ஒழுகிக் காய்ந்த கோடு அதுவரை வந்திருந்தது. கோட்டின் மறுமுனையைத் தேடி டார்ச்சை மேலே கொண்டுபோகச் சொன்னேன். மேசைக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில், தட்டையாக, பழுப்பாக, சுருங்கி, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளியால் நெம்பினேன். கையில் விழுந்தது. ஒரு விதை தெறித்து ஆபரேட்டரின் செருப்பில் உட்கார்ந்தது.

"லேபு," என்றார் ஆபரேட்டர்.

பிறகு அவர் முகத்தில் ரத்தம் கீழே இறங்குவதை டார்ச் இல்லாமலே பார்த்தேன். தினமும் இதே இடத்தில், இதே மெஷினுக்குப் பக்கத்தில், எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிற மனிதர் அந்தப் பட்டறையில் அவர் ஒருவர்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

"இது என்னுது இல்ல, தீதி. காளி மேல சத்தியமா. நான் தோலைக் காகிதத்துல மடிச்சு வெளியே போடுவேன்."

நான் பழத்தைத் திருப்பிப் பார்த்தேன். கத்தி பட்ட தடமே இல்லை. முழுப் பழம் நசுங்கி, பக்கவாட்டில் வெடித்திருந்தது. மறுபுறத்தில் உலர்ந்த சந்தனம். சந்தனத்தின் நடுவே, விரல் நுனி அகலத்தில், குங்குமம்.

அந்த நிமிடம் கிடர்பூர் என் காலடியிலிருந்து விலகிவிட்டது. புது லாரியோ பழைய ஸ்கூட்டரோ, நம் ஊரில் ஆயுத பூஜை முடிந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். பட்டென்று வெடிக்கும். திருஷ்டி போகும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அந்தச் சத்தத்துக்காகவே தெருவில் நின்றிருக்கிறேன். ஆனால் இது கல்கத்தா. இங்கே ஆயுத பூஜை அன்று துர்கைக்கு நவமி. ஒர்க்‌ஷாப்பில் பூட்டு, ஆபரேட்டர்கள் அத்தனை பேரும் பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அன்று இந்தப் பட்டறைக்குள் வந்து, சக்கரமே இல்லாத ஒரு மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று தோன்றக்கூடிய மனிதர் இந்தத் துறைமுகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? எலுமிச்சஞ்சாதம் புளிச்சாதமான காரணம், அம்மாவால் கண்டுபிடிக்க முடியாத அந்தக் காரணம், என் உள்ளங்கையில் இருந்தது.

"தாதா," என்றேன், "நான் சொல்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தையும் பேசக் கூடாது."

"பேசாமலா?"

"முயற்சி பண்ணுங்க."

மேனேஜர் சட்டை காய்ந்து வந்தார். நான் குங்குமம் இருந்த பக்கத்தைக் கீழே வைத்து, உள்ளங்கையை நீட்டினேன். "கனெக்டர்ல புளிப்பு இறங்கி அரிச்சிருக்கு, சார். மேல இருந்தது இது. எலுமிச்சம்பழம்."

அவர் முகத்தில் சூரியன் உதித்தது. தேநீர்க் கறையே சற்று மங்கியது போலிருந்தது.

"நான் அப்பவே சொன்னேம்லா. தெனம் இந்த எடத்துலதான் உக்காந்து லேபு லேபுன்னு பிழிஞ்சு திங்கான். பாரும்மா அக்கிரமத்த. இத்தன பெரிய மெஷினு, ஒத்த எலுமிச்சம்பழத்துல கண்ணு போச்சு." அவர் பேச்சில் ஆபரேட்டருக்குப் புரிந்தது லேபு என்ற சொல்லும், தன் பக்கம் நீண்ட விரலும்தான். வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்து மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது பெரிய காரியம்.

"அப்ப, இந்தப் பழத்த உள்ள கொண்டுவந்தவங்க துரு சுரண்டணும்ங்கிறீங்க."

"சுரண்டித்தான் ஆவணும்."

"யாரா இருந்தாலுமா, சார்?"

"எவனா இருந்தா என்ன? இதுல என்ன தயவு தாட்சண்யம்? நான் ஆளு மூஞ்சியப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுதவன் இல்ல."

நான் பழத்தைத் திருப்பினேன்.

பட்டறையில் மறுபடி துரு சுரண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கர், கர், கர். மேனேஜர் குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குங்குமத்தைப் பார்த்தார், அது அதற்குள் அழிந்துவிட்டிருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு.

"வாட்ச்மேன எடுத்துப் போடச் சொன்னேனேம்மா," என்றார், காற்றுப் போன குரலில்.

"எத்தன பழம், சார்?"

"நாலு. ரெண்டு இதுக்கு, இந்தக் கடைசிக்கு ஒண்ணு, அந்தக் கடைசிக்கு ஒண்ணு. ரெண்டு என் ஸ்கூட்டருக்கு."

"மெஷினுக்குச் சக்கரம் இல்லையே, சார்."

"அதத்தாம்மா நானும் யோசிச்சேன்," என்றார். அதில் ஒரு பொறியாளரின் நேர்மையான சிரமம் இருந்தது. "சக்கரம் இல்ல. ஆனா ஓடுத சாமான் அந்த மேசதான. அத ஏத்தினாத்தான கணக்கு. விஜயதசமி அன்னைக்குக் காலைல வந்து ஆன் பண்ணி, மெதுவா அந்தப் பக்கம் ஒரு தடவ, இந்தப் பக்கம் ஒரு தடவ." பட் என்று அவர் வாயால் சொல்லவில்லை. உதடு மட்டும் அந்தச் சத்தத்துக்குக் குவிந்து அடங்கியது. "இவனுவ செந்தூரத்தோட போயிருதானுவ. நம்ம முறைப்படி ஒண்ணும் செய்யலியேன்னு மனசு கேக்கல. ஊரு விட்டு ஊரு வந்து கிடக்கோம்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் கேலி எதுவும் இல்லை. ஆனால் ஜன்னலடியில் ஒரு மனிதர் தன் பெயர் போகுமா இருக்குமா என்று தெரியாமல், பேசாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் கருவிப் பையிலிருந்து பல்துலக்கும் பிரஷையும் ஸ்பிரிட் புட்டியையும் எடுத்தேன். கனெக்டரைக் கழற்றி, பச்சை பூத்த பின்கள் மேலே தெரியும்படி வைத்தேன்.

"துரு, சார்," என்றேன். "கொஞ்சம்தான்."

அவர் பிரஷை வாங்கினார். பிறகு வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார், ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். யார்டில் கர், கர். இங்கே கிர், கிர். நன்றாகவே தேய்த்தார். ஒரு பின்னைக்கூட வளைக்கவில்லை. பச்சை போய்ப் பொன்னிறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

ஆபரேட்டரால் அதற்கு மேல் முடியவில்லை. "சார் ஏன் தேய்க்கிறார், தீதி?"

எனக்கு முன் மேனேஜர் தலையைத் தூக்கி, தனக்குத் தெரிந்த வங்காளத்தில் பதில் சொன்னார். "இந்தூர்." எலி. பிரஷை ஆட்டி மறுபடி, "இந்தூர், இந்தூர். லேபு கொண்டுவந்தது இந்தூர். உன் மேல தப்பு இல்ல."

துறைமுகத்து எலிகள் எத்தனையோ பழி சுமந்தவை. கோதுமை, கயிறு, சோப்பு, ஒரு தடவை ஒரு குமாஸ்தாவின் குடை. இன்னும் ஒன்று கூடினால் அவற்றுக்கு என்ன. ஆபரேட்டர் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார்.

மேனேஜர் கை கழுவப் போனதும் ஆபரேட்டர் என் பக்கம் குனிந்தார். நான் தட்டில் வைத்திருந்த பழத்தைச் சுண்டுவிரலால் திருப்பினார். குங்குமம் மேலே வந்தது.

"பருப்புக்குப் பிழியிற லேபுவுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க, தீதி."

"எலி வச்சிருக்கும்."

"வச்சிருக்கும்," என்றார் அவர். "கிடர்பூர் எலி ரொம்ப பக்தியான எலி. லீவு நாள்லயும் டூட்டிக்கு வருது."

இடது முனையிலிருந்து இரண்டாவது பழத்தையும் எடுத்தோம். அது ஒழுகும் இடத்தில் எதுவும் இல்லாததால் யாருக்கும் தீங்கு செய்யாமல் காய்ந்திருந்தது. கனெக்டரை உலர்த்திச் செருகினேன், மூடியை மாட்டினேன். புதுக் கனெக்டர் வந்து சேரும்வரை இது தாங்கும் என்று சொன்னேன். திருகுத்தண்டைக் கையால் சுற்றினேன். எண் ஏறியது, இறங்கியது, எங்கும் நிற்கவில்லை. மோட்டாருக்கு உயிர் கொடுத்தேன். கண்ட்ரோல் பேனலிலிருந்து விலகி, "நீங்களே ஓட்டுங்க" என்றேன்.

ஆபரேட்டர் உடனே ஓட்டவில்லை. வாசலில் தேநீர்க்காரர் வந்திருந்தார். மூன்று மண்குவளையில் பால் இல்லாத தேநீர் வாங்கி வந்தார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவதை, விளிம்புவரை நிரம்பியதை, மேசையின் மேல் வைத்தார்.

மேனேஜர் கை துடைத்துக்கொண்டே வந்தார். குவளையைப் பார்த்தார். மேசையின் வலது முனைக்கு எதிரே, காலையில் நின்ற அதே இடத்தில் இருந்தார். ஒரு அடி பின்வாங்க நினைத்ததைக் காலில் பார்த்தேன். பின்வாங்கவில்லை. அதற்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆபரேட்டர் எண்ணைத் தட்டினார். பட்டனை அமுக்கினார். மேசை கிளம்பியது, கல்யாண வீட்டில் நிறைகுடம் தூக்கி வரும் பெண் மாதிரி. திரையில் எண் அதோடு கூடவே நடந்தது. தேநீர் விளிம்பில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது. சொட்டுகூடக் கீழே விழவில்லை. மேனேஜரின் சட்டைப் பொத்தானுக்கு நேரே வந்து, அங்கேயே பிறந்து வளர்ந்தது போல் நின்றது.

மேனேஜர் மூச்சை விட்டார். "திங்கக்கிழமை அந்தப் பம்பு மூடிய மறுபடி ஏத்திரு," என்றார் ஆபரேட்டரிடம், தனக்குத் தெரிந்த வங்காளத்தில். "நீதான் பாக்கணும். வேற யாரும் இதத் தொட வேண்டாம்."

"சரி சார்," என்றார் கம்ப்யூட்டர்-தா. பிறகு, டப்பாவில் மீதமிருந்த எலுமிச்சைத் துண்டைக் காகிதத்திலிருந்து பிரித்து, குவளைக்கு மேல் பிடித்து, முகத்தில் எதுவுமே இல்லாமல் கேட்டார்:

"லேபு தேபோ, சார்?"

எலுமிச்சை விடட்டுமா. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கொஞ்சமா," என்றார், தமிழில்.